இரு படங்களும் ஒரு காட்சியும்

என் மேசை இழுப்பறையில் ஓர் அட்டை இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு ஒளிப்படங்கள் அதில் அருகருகே ஒட்டப்பட்டுள்ளன. தரையில் அமர்ந்த ஒரு பெண்மணி, பீங்கான் பொம்மை ஒன்றிற்குக் கண் எழுதிக்கொண்டிருக்கிறார். தூரிகையின் நுனி பொம்மையின் முகத்தைத் தொடும் வேளை அது. வெறுங்கண்ணால் நோக்கினால் சாதாரணப் படம். இரு வில்லைகள் பொருத்திய பார்வைக் கருவியில் வைத்து நோக்கினாலோ கண் கூசித் தலை வலிக்கும். சுருங்கச் சொன்னால் அது பிழையான படம். ஆயினும், இப்பங்கிலிருந்து நான் மாற்றலாகிச் செல்லும் நாளில் கையோடு எடுத்துச் செல்ல விரும்பும் மிகச் சில பொருள்களுள் அதுவும் ஒன்று. அதன் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

விருத்தாசலம் என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு ரயில் சந்திப்பு நினைவுக்கு வரும். மணிமுத்தாற்றங்கரையில் எழுந்து நிற்கும் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். உள்ளூர் மக்களாகிய எங்களுக்கோ இவ்விரண்டோடு பீங்கானும் சேர்ந்ததுதான் ஊர். பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகம் இங்கே உண்டு. தொழிற்பேட்டையின் கூடங்களில் கொலு பொம்மைகளும், அகல் விளக்குகளும், மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர்களும் உருவாகின்றன. எங்கள் பங்கிலும் அண்டை வீடுகளிலும் அத்தொழிலால் உலை வைக்கும் குடும்பங்கள் பல.

அத்தொழிலை இளைஞருக்குக் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், நான்காண்டுகளுக்கு முன் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் மரத்தால் செய்த ஒரு பழங்கருவி. "ஃபாதர், இதற்குள் ஒரு நிமிடம் பாருங்கள்" என்றார். பார்த்தேன். பழமலைநாதர் கோயிலின் கல்தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்நோக்கிச் செல்ல, அவற்றிடையே நான் நுழைந்துவிடலாம் போலிருந்தது. முன்னால் நின்ற தூணைத் தொடுவதற்குக் கையை நீட்டிவிட்டேன். ஆசிரியர் சிரித்தார். அந்த மாதமே எங்கள் மன்றக் கூடத்தில், இரண்டாம் ஞாயிறு மாலைதோறும் கூடும் ஒரு சிறு ஒளிப்பட வட்டம் பிறந்தது.

இக்கலையைப் பற்றி அறியாத அன்பர்களுக்காகச் சில வரிகள். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஆகவே இடக்கண் காணும் காட்சியும் வலக்கண் காணும் காட்சியும் சற்றே வேறுபடும். அவ்விரண்டையும் மூளை ஒன்றாக்கும்போதுதான் ஆழம் என்னும் உணர்வு நமக்குக் கிட்டுகிறது. இவ்வுண்மையை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கிக் காட்டினார். ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னரே, கையால் வரைந்த இரட்டைச் சித்திரங்களைக் கொண்டு அவர் இதை மெய்ப்பித்தார். பின்னர் டேவிட் புரூஸ்டர் வில்லைகள் பொருத்திய சிறு கருவியை அமைத்தார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்குப் பின் அது ஐரோப்பிய இல்லங்களில் பரவியது. அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், கையில் பிடித்துப் பார்க்கும் எளிய கருவி ஒன்றை வடிவமைத்தார். எவரும் அதைச் செய்துகொள்ளலாம் என்று காப்புரிமை கோராமல் விட்டுவிட்டார். எங்கள் ஆசிரியரின் மரக்கருவியும் அவ்வடிவத்தைச் சார்ந்ததே.

தமிழ் மண்ணுக்கும் இக்கலை புதிதன்று. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக் கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் திருச்சி, தஞ்சைப் பகுதிகளை இரட்டைப் படங்களாகவும் எடுத்து வைத்தார். 1850-இல் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கி மண்பாண்டத் தொழிலுக்கும் அதில் இடமளித்த அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவரே, அப்பத்தாண்டில் அந்நகரில் ஒளிப்படச் சங்கம் உருவாகவும் முன்னின்றார். மண்ணும் ஒளியும் ஒரே மனிதரின் கையில் கூடியிருந்தன என்பதைப் பீங்கான் ஊரில் வாழும் நாங்கள் சிறு பெருமையோடு சொல்லிக்கொள்வோம்.

இனி எங்கள் வட்டத்தின் கதைக்கு வருகிறேன்.

முதலாண்டில் நாங்கள் எவரையும் மறுக்கவில்லை. விலை உயர்ந்த கேமரா தேவையில்லை, கைப்பேசியே போதும் என்று ஞாயிறு அறிவிப்பிலேயே சொன்னேன். முதலில் இடக்காலில் எடையைத் தாங்கி ஒரு படம். பிறகு உடலை வலக்காலுக்குச் சாய்த்து இன்னொரு படம். அசையாப் பொருள் என்றால் இவ்வளவே போதும். இளைஞர் வந்தனர், ரயில்வே ஊழியர் இருவர் வந்தனர், மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் வந்தார், வேறு சமயத்து அன்பர்களும் வந்தனர். வந்த படங்கள் அனைத்தையும் சுவரில் மாட்டினோம், அனைத்திற்கும் கைதட்டினோம். இடப்படமும் வலப்படமும் இடம் மாறி ஒட்டப்பட்டதால் தூரத்து மலை முன்னாலும் பக்கத்து மரம் பின்னாலும் தோன்றிய படத்திற்கும் கைதட்டினோம். "முயற்சி அருமை" என்பது என் வழக்கமான தீர்ப்பு. திருச்சபையின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று குருமடத்தில் கற்றவனல்லவா நான்! கதவைத் திறந்து வைத்ததாகவே எண்ணி மகிழ்ந்தேன்.

ஆண்டிறுதியில் ஆசிரியர் என்னிடம் தனியே பேசினார். "ஃபாதர், நீங்கள் எல்லாவற்றையும் நன்று என்கிறீர்கள். நான் மூன்று வாரம் உழைத்து எடுத்த படத்தையும் நன்று என்றீர்கள். கண் வலிக்கும் படத்தையும் அதே குரலில் நன்று என்றீர்கள். நீங்கள் இரண்டையும் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது" என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை; வருத்தம் இருந்தது. நன்கு உழைத்தவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். புதியவர்களும் முதல்நாள் எடுத்த அதே பிழையோடுதான் பன்னிரண்டாம் மாதமும் எடுத்துக்கொண்டிருந்தனர். வரவேற்கப்பட்டவர் எவரும் ஓரடிகூட முன்னே செல்லவில்லை.

உடனே மறுகோடிக்கு ஓடினேன். இரண்டாமாண்டின் தொடக்கத்தில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரு படங்களும் மேல்கீழாக ஏறி இறங்கக் கூடாது. படச் சட்டத்தால் வெட்டுண்ட பொருள் சட்டத்திற்கு முன்னால் துருத்திக்கொண்டு வரக் கூடாது. இரு படங்களுக்கும் இடையே கேமரா நகரும் தொலைவு, மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் பத்துக்கு இத்தனை என்று அனைவர் முன்னிலையிலும் மதிப்பெண். விதிகள் யாவும் சரியானவை. இன்றும் அவற்றில் ஒன்றையும் நான் மாற்றவில்லை. பிழை விதியில் இல்லை, என் நாவில் இருந்தது.

அவ்வாண்டின் ஆடி மாதக் கூட்டத்திற்குப் பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் புதிதாக வந்தான். தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் வாழும் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவன். நம் ஆலய வளாகத்திற்குள் அவன் காலடி வைத்தது அதுவே முதன்முறை என்று பிறகு அறிந்தேன். கடன் வாங்கிய கைப்பேசியில் எடுத்து, கடையில் அச்சிட்டு, அளவுகோல் வைத்து அட்டையில் ஒட்டிய ஒரே ஒரு படத்தைக் கொண்டுவந்திருந்தான். அவன் முறை வந்தபோது அதைக் கருவியில் வைத்துப் பார்த்தேன். கண்கள் இரண்டும் திசைக்கொன்றாக இழுபட்டன. எடுத்துவிட்டு, "விதிகளைப் படிக்காமலே வந்துவிட்டாயா? பார்ப்பவருக்குத் தலைவலியைத் தருவதற்குப் பெயர் கலையன்று. இதற்கு மதிப்பெண் இல்லை" என்றேன். சிலர் சிரித்தனர். நானும் புன்னகைத்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். பையன் ஒன்றும் பேசவில்லை. அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் அமர்ந்தான். கூட்டம் முடியும்போது அவன் அங்கில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

அன்று நான் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தரத்தைக் காத்தேன் என்றே எண்ணினேன். தரத்தைக் காப்பதாக எண்ணும் மனிதனுக்குத் தன் ஆணவம் எளிதில் கண்ணில் படுவதில்லை.

கார்த்திகை மாத இறுதியில், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கான சுரூபங்களைச் சொல்லி வைப்பதற்காகத் தொழிற்பேட்டையின் பொம்மைக் கூடம் ஒன்றிற்குச் சென்றேன். உரிமையாளர் வரத் தாமதமானதால் வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாலாடை போல் கெட்டியான மண்கூழைச் சுண்ண அச்சுகளில் ஊற்றி வைத்திருந்தனர். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் தோலாகப் படியும். வேண்டிய தடிப்பு வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவர். சற்று இறுகியபின் அச்சைப் பிரித்தால் உள்ளே ஈரப் பொம்மை. அதன் ஓரங்களில் இருக்கும் பிசிறைச் சீவி, ஈரத் துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும். அந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் செய்துகொண்டிருந்தாள். அவள் கைபட்டு ஒரு பொம்மையின் கழுத்து நெளிந்தது. அருகிலிருந்த மூத்த பெண்மணி அதை வாங்கிப் பார்த்தார். "இது தேறாதும்மா" என்று சொல்லிவிட்டு, எங்கே அழுத்தம் கூடியது என்று தன் கட்டைவிரலால் காட்டினார். பிறகு அந்தப் பொம்மையைக் கூழ்த் தொட்டியில் போட்டார். அவ்வளவுதான். சிரிப்பும் இல்லை, ஏச்சும் இல்லை. "பரவாயில்லை" என்னும் பொய்யும் இல்லை.

"வீணாகிவிட்டதே அம்மா" என்றேன்.

"எங்க சாமி வீணாச்சு? பச்ச மண்ணுதானே. தண்ணியில கரைஞ்சா மறுபடியும் பொம்மைதான். வெந்து வந்த பின்னால விரிசல் கண்டாத்தான் வீணு. அத என்ன செஞ்சாலும் மண்ணாக்க முடியாது" என்றார் அவர்.

அவர் நிமிர்ந்தபோதுதான் அந்த முகத்தை எங்கோ கண்டிருப்பதாக உணர்ந்தேன். அந்த அட்டையில் இருந்த முகம் அது. என்னை அவரும் அறிந்திருந்தார். சிறிது தயங்கிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "பையன் எடுத்த படத்துல நான் நல்லா இல்லையா சாமி? குளிச்சிட்டு வேற சேல கட்டிக்கிட்டு உட்காரச் சொன்னான். வேல நேரத்துல அதெல்லாம் எதுக்குன்னு நான்தான் கேக்கல."

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. நான் படத்திற்கு மதிப்பெண் மறுத்தேன். ஒரு தாய் அதைத் தன் முகத்திற்குக் கிடைத்த தீர்ப்பாக நான்கு மாதம் சுமந்திருக்கிறார். "உங்கள் மீது ஒரு குறையும் இல்லை அம்மா. கேமராவை ஒரு விரல் அகலம் நகர்த்த வேண்டிய இடத்தில் நான்கு விரல் அகலத்திற்கும் மேலாக நகர்த்திவிட்டான். அவ்வளவுதான் பிழை. அதைச் சொல்ல வேண்டியவன் நான், சொல்லாமல் விட்டேன்" என்றேன். ஆம், பிழை அவ்வளவே. முப்பது சென்டிமீட்டர் தூரத்திலிருந்த பொம்மையை எடுக்க ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். அவனோ, கண்களுக்கு இடையே உள்ள தொலைவு ஆறரை சென்டிமீட்டர் என்று யாரிடமோ கேட்டறிந்து, அதை அப்படியே அளந்து நகர்த்தியிருக்கிறான். விதியைப் படிக்காதவன் அல்லன். பாதியைக் கற்று, மீதியைக் கற்க எங்களிடம் வந்தவன்.

அன்றிரவு திருப்புகழ்மாலைச் செபம் என் உதட்டில் மட்டுமே நடந்தது. புனித ஆசீர்வாதப்பர் துறவியருக்கு வகுத்த ஒழுங்கு நினைவில் எழுந்தது. அதன் 53-ஆம் அதிகாரம், வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. ஐந்தே அதிகாரம் கடந்து 58-இல், துறவு வாழ்வை நாடி வருபவருக்கு எளிதில் இடமளிக்க வேண்டாம் என்கிறது. அவரை வாயிலில் சில நாள் காத்திருக்கச் செய்து, பின் ஓராண்டில் மும்முறை ஒழுங்கை முழுமையாக வாசித்துக் காட்டி, இதுவே நீ வாழ விரும்பும் சட்டம் என்று தெளிவாக்கச் சொல்கிறது. குருமடத்தில் இவற்றை முரண்பாடு என்று நாங்கள் வாதிட்டதுண்டு. இன்று அப்படித் தோன்றவில்லை. இரு அதிகாரங்களும் ஒரே வாயிலைப் பற்றியவை. ஒன்று வருபவர் யார் என்பதைச் சொல்கிறது. மற்றது அவர் செல்ல விரும்பும் இடம் எத்தகையது என்பதைச் சொல்கிறது. மேலும், புதியவரைத் தனியே விட்டுவிடாமல், ஆன்மாக்களைக் கவர்ந்திழுக்கும் திறன் வாய்ந்த மூத்தவர் ஒருவரை அவருக்குத் துணையாக வைக்குமாறும் அவ்வொழுங்கு பணிக்கிறது. நான் விதியைச் சுவரில் ஒட்டினேன். மூத்தவரைத் துணைக்கு வைக்க மறந்தேன். தன் ஒழுங்கு முழுவதையும் தொடக்கநிலையினருக்கானது என்றே அத்துறவி இறுதியில் அழைக்கிறார். அந்தத் தாழ்ச்சி என் சுவரொட்டியில் இல்லை.

நம் ஆண்டவரின் திருமண விருந்து உவமையும் அவ்வாறே. தெருச்சந்தியில் கண்ட நல்லார் தீயார் அனைவரையும் அழைத்துவரச் செய்த அரசர், உள்ளே வந்தபின் திருமண ஆடையைத் தேடுகிறார். அழைப்புக்குத் தகுதி கேட்கப்படவில்லை. விருந்துக்கு ஆடை கேட்கப்படுகிறது. முதலாண்டில் நான் ஆடையைப் பற்றிப் பேசவேயில்லை. இரண்டாமாண்டில் ஆடையில்லாதவனைத் தெருச்சந்தியிலேயே மறித்தேன். ஆடையை நெய்யக் கற்றுக்கொடுப்பது யார் பணி என்னும் கேள்வியை இரண்டு ஆண்டிலும் நான் எழுப்பவில்லை.

இந்த ஊருக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் திருத்தலம் இருக்கிறது. வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம் என்று நாம் போற்றும் தலம் அது. மறுவாரம் அங்கே செபிக்கச் சென்றபோது அம்முனிவரை வேறு கோணத்தில் எண்ணிப் பார்த்தேன். இத்தாலியில் 1680-இல் பிறந்து, முப்பது வயதையொட்டி இங்கு வந்து, அகரம் முதல் கற்றவர் அவர். ஒருநாள் அவரும் நம் மொழியின் வாயிலில் நின்ற புதியவரே. தம் தவறான உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தவர்களையும் திருத்தியவர்களையும் அவர் சந்தித்திருப்பார். அவர் பின்னாளில் செய்ததென்ன? வளனாரின் வாழ்வை 3615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடினார். அதில் புதியவருக்காக ஒரு சொல்லையும் தளர்த்தவில்லை. அதே கையால், புதிதாக வரும் குருக்கள் மக்களின் பேச்சுத் தமிழைக் கற்பதற்கென்று தனி இலக்கணமும் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. செந்தமிழுக்குத் தனியே இலக்கணம் வகுத்தார். சொற்பொருள் தேடி அலைவோருக்காகச் சதுரகராதியைத் தொகுத்தார். எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் வடிவில் மயங்காதவாறு எழுத்தைச் சீர்செய்த பெருமையும் அவருடையதே. அந்தச் சீர்திருத்தத்தால் தமிழின் தரம் ஓரிழையும் குறையவில்லை. கற்பவரின் இடறல் ஒன்று நீங்கியது. தரத்தைத் தாழ்த்துவது வேறு, படி அமைப்பது வேறு என்பதை அன்னையின் முன் முழந்தாளிட்ட அந்த வேளையில் உணர்ந்தேன்.

திரும்பி வந்து ஆசிரியரோடு கலந்து பேசினேன். பொம்மைக் கூடத்தில் கண்டதையும் சொன்னேன். அவர் வாழ்நாள் முழுதும் கற்பித்த தொழிலின் பாடமல்லவா அது! "சூளைக்கு முன்னும் சோதனை உண்டு, பின்னும் உண்டு ஃபாதர். முன்னால் செய்யும் சோதனை பொம்மையைக் காப்பதற்கு. பின்னால் செய்யும் சோதனை வாங்குபவரைக் காப்பதற்கு. நீங்கள் பச்சை மண்ணைச் சூளைக்குப் பிந்திய சோதனையில் வைத்துவிட்டீர்கள்" என்றார்.

அன்று முதல் எங்கள் வட்டத்தின் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டாம் ஞாயிறு நடப்பதற்குப் 'பச்சை மண் கூட்டம்' என்று பெயர். அங்கே மதிப்பெண் கிடையாது. ஆனால் பொய்ப் பாராட்டும் கிடையாது. ஒவ்வொரு படத்தையும் மூத்தவர் ஒருவர் எடுத்தவரின் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பார். பிழை எது, அது எதனால் நேர்ந்தது, அடுத்த முறை எத்தனை விரல் நகர வேண்டும் என்பதைச் சொல்வார். ஒரு படத்திற்கு ஒரு பிழை மட்டுமே பேசப்படும். ஏனையவை அடுத்த மாதத்திற்கு. ஆண்டுக்கொருமுறை, கிறிஸ்து பிறப்பையொட்டிப் பொதுமக்களுக்காக நடைபெறுவது கண்காட்சி. அங்கே விதிகளில் கடுகளவும் தளர்வில்லை. பங்குத்தந்தையின் படமாயினும் மேல்கீழாக ஏறியிருந்தால் சுவரில் இடமில்லை. சென்ற ஆண்டு என் படம் ஒன்று அவ்வாறே திரும்பி வந்தது. மறுத்தவர், முதலாண்டில் மலையை முன்னாலும் மரத்தைப் பின்னாலும் வைத்த அதே மறைக்கல்வி ஆசிரியை! அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை என்னவென்று சொல்வேன்!

இன்னொரு வழக்கத்தையும் கடன் வாங்கினோம். இங்கிலாந்தில் 1893-இல் தோன்றிய இரட்டைப்பட ஆர்வலர் சங்கம், உறுப்பினரின் படங்களை ஒரு பெட்டியிலிட்டு அஞ்சலில் சுற்றவிடும் முறையைக் கைக்கொண்டது. ஒவ்வொருவரும் மற்றவர் படங்களைப் பார்த்துத் தம் கருத்தை எழுதி, பெட்டியை அடுத்தவருக்கு அனுப்புவார். அது சுற்றி மீண்டும் தம்மிடம் வரும்போது பழைய படத்தை எடுத்துக்கொண்டு புதியதை வைப்பார். தேர்ந்தவரின் படமும் தொடக்கநிலையினரின் படமும் ஒரே பெட்டியில் பயணம் செய்யும். எங்களுடையது ஒரு பிஸ்கட் டப்பா. அது தொழிற்பேட்டைத் தெருவிலிருந்து ரயில்வே குடியிருப்புக்கும், அங்கிருந்து பங்கு இல்லத்திற்கும் கைமாறிச் செல்கிறது. நல்ல படத்தைப் பலமுறை கையில் எடுத்துப் பார்ப்பதே புதியவருக்கு முதற்பாடம். உயர்ந்த தரம் என்பது தொலைவில் இருந்தால் அச்சுறுத்தும். கையில் கிடைத்தால் கற்பிக்கும்.

இக்கலையில் விதி எதற்காக இருக்கிறது என்பதும் இப்போது தெளிவாகிறது. சங்கத்தின் கௌரவத்திற்காக அன்று, பார்ப்பவரின் கண்ணுக்காக. இரு படங்களும் பிழையின்றி இணைந்தால்தான் பார்ப்பவர் வலியின்றி அக்காட்சிக்குள் செல்ல முடியும். ஆக, விதியும் ஒரு வரவேற்பே. வழிபாட்டில் பாடகர் குழு சுருதி சேரப் பாட வேண்டும் என்பதும், மறையுரையைத் தயாரிக்காமல் பீடமேறக் கூடாது என்பதும், திருமுழுக்குக்கு முன் ஞானப்பெற்றோர்க்குப் பயிற்சி வேண்டும் என்பதும் இத்தகையவையே. இவற்றைக் கேட்டு என் அலுவலக அறைக்கு வந்தவர்களிடம் நான் எந்தக் குரலில் பேசியிருக்கிறேன் என்று எண்ணும்போது அஞ்சுகிறேன். செபங்கள் மனப்பாடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவருள் எத்தனை பேர் பாதியைக் கற்று மீதியைத் தேடி வந்தவர்களோ! பதிவேட்டில் அவர்களின் பெயர் இல்லை. ஆண்டவரின் ஏட்டில் இருக்கும்.

இரு படங்களும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தால் கருவியில் ஆழம் தோன்றாது. வெறும் தட்டையான காட்சியே எஞ்சும். இரண்டும் அளவுக்கு மீறி விலகினாலோ கண் அவற்றை இணைக்க மாட்டாது, வலியே எஞ்சும். வரவேற்பும் தரமும் அப்படிப்பட்ட இரு படங்கள் என்று இப்போது எண்ணுகிறேன். ஒன்றே போதும் என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டவனாக முதலாண்டில் இருந்தேன். மறு கண்ணை மூடிக்கொண்டவனாக இரண்டாமாண்டில் இருந்தேன். இரண்டையும் திறந்து வைப்பது சற்றே உழைப்பான வேலைதான்.

அந்தப் பையனைத் தேடி நான் வீட்டிற்குச் சென்றபோது அவன் இல்லை. ஒசூர்ப் பக்கம் வேலைக்குச் சென்றிருந்தான். அவனுடைய எண்ணை அன்னை தந்தார். அழைத்து மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு, "அந்த அட்ட இன்னும் இருக்கா சாமி?" என்று மட்டும் கேட்டான். பத்திரமாக இருக்கிறது, திருப்பித் தரட்டுமா என்றேன். "வேணாம், நீங்களே வெச்சிருங்க. சரியா எடுத்துட்டு வந்து அத வாங்கிக்கிறேன்" என்றான்.

சென்ற மாதம் அவனிடமிருந்து கைப்பேசியில் ஓர் இரட்டைப் படம் வந்தது. தங்கியிருக்கும் அறையின் சன்னலில் ஒரு தேநீர்க் குவளை. நகர்த்திய தொலைவு சரியாக இருந்தது. குவளையின் விளிம்பு கண்முன் வட்டமாக நின்றது. ஆயினும் இடப்படம் வலப்படத்தைவிட ஒரு நூலளவு மேலே ஏறியிருந்தது. விடை எழுத உட்கார்ந்தபோது, முதலாண்டுக் கைதட்டல் ஒருபுறமும் இரண்டாமாண்டுப் புன்னகை மறுபுறமும் என்னை இழுத்ததை மறைக்க மாட்டேன். இறுதியில் இவ்வாறு எழுதினேன்: "ஆழம் நன்றாக வந்திருக்கிறது, தம்பி. இடப்படம் சற்றே மேலே ஏறியிருக்கிறது. இரண்டையும் எடுக்கும்போது கைப்பேசியைச் சன்னல் விளிம்பிலேயே வைத்து நகர்த்திப் பார்."

"சரி சாமி, திருத்தி அனுப்புறேன்" என்று உடனே பதில் வந்தது. இன்னும் அனுப்பவில்லை. இழுப்பறையில் அந்த அட்டை காத்திருக்கிறது, நானும் காத்திருக்கிறேன்.